கருப்பு வெள்ளை எல்லாம் பிரீசியன் அல்ல

(மாடு வளர்க்கும் தோட்டக் குடும்பங்களுக்காக உடப்புசல்லாவையில் எமது சங்கம் கூட்டிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



ஞாயிற்றுக்கிழமையில் புல்லறுக்கப் போகிற நேரத்தை ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்குச் சம்பளப் பேச்சு இல்லை, சந்தாப் பேச்சும் இல்லை. மாட்டுப் பேச்சு.

எங்கள் மாதர் கிளையில் ஒரு அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். ஆனால் இந்தக் கதையைச் சொல்லச் சொன்னவர் அவர்தான். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்ததும் ஒரு கறவை மாடும் கிடாரிக் கன்றும் வாங்கினார். "அசல் பிரீசியன்" என்று தரகர் சொன்னார். மாடு கருப்பு, வயிற்றிலும் மடியிலும் கொஞ்சம் வெள்ளை. பார்க்கப் போன எல்லோரும் தலையாட்டினோம். சங்கத்துக்காரர் நாங்களும்தான் ஆட்டினோம். பிரீசியன் விலை கொடுத்தார். மாடு கறந்தது நாளுக்கு எட்டு, ஒன்பது லீட்டர்.

அது பணத்தோடு போன நட்டம். பிறகு வந்ததுதான் பெரிது. கிடாரி வளர்ந்து பருவத்துக்கு வந்தது. சினை ஊசி போட வந்தவர் "என்ன இனம்?" என்று கேட்டார். "பிரீசியன்" என்றார் அக்கா. அவரும் பிரீசியன் ஊசியே போட்டார். நாள் வந்தபோது கன்று வெளியே வரவில்லை. இரவெல்லாம் கிடாரி முக்கியது. விடியற்காலையில் லயத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கன்று செத்து வந்தது. கிடாரி நாலு நாள் எழும்பவில்லை. அப்படி ஆள் சேர்த்து இழுப்பது பிழை, மிருக வைத்தியர் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று இன்றைக்குச் சொல்லலாம். அந்த இரவில் யாருக்குப் பொறுமை இருந்தது?

பிறகு மாட்டைச் சரியாகப் பார்க்கத் தெரிந்தவரைக் கூட்டிக்கொண்டு பட்டிக்குப் போனோம். அவர் மாட்டின் நிறத்தைப் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார். "இதில் ஜேர்சி பாதிக்கு மேல் இருக்கும்" என்றார். தரகர் வாயில் பிறந்த பெயர் அக்காவின் வாய்க்கு வந்து, ஊசிக்காரர் காதுக்குப் போய், கடைசியில் ஒரு கன்றின் உயிரில் முடிந்திருக்கிறது. இடையில் ஒருவர்கூட மாட்டைப் பார்க்கவில்லை.

நமது பட்டிகளுக்குள் இத்தனை கலப்பு வந்தது எப்படி? இந்தக் குளிருக்கு ஐரோப்பிய மாடு தாங்கும் என்பதால் வெள்ளைக்காரன் காலத்திலேயே மலையகத்துக்கு அந்த இனங்கள் வரத் தொடங்கின. ஸ்கொட்லாந்தின் அயர்ஷயர், இங்கிலீஷ் கால்வாய்த் தீவான ஜேர்சியின் மாடு, ஒல்லாந்துப் பக்கத்துப் பிரீசியன் மூன்றும் அப்படி வந்தவை. அம்பேவெல, பொப்பத்தலாவ, டயகம போன்ற பண்ணைகளிலிருந்தும் இந்த இரத்தம் ஊருக்குள் பரவியது. 2012 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து சுமார் 2,000 கிடாரிகள் தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையின் பண்ணைகளுக்கு வந்தன. இவற்றோடு பல பத்தாண்டுகளாகப் போட்டு வரும் சினை ஊசி. பாட்டி மாட்டுக்கு அயர்ஷயர் ஊசி, தாய்க்கு ஜேர்சி ஊசி, மகளுக்குப் பிரீசியன் ஊசி. அந்தந்த நேரத்தில் எது கிடைத்ததோ அது. எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

ஆகவே நம் பட்டியில் நிற்பது தனி இனமல்ல, கலப்பு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கலப்பு மாடு நோயையும் கஷ்டத்தையும் தாங்கும். எது கூடக் கலந்திருக்கிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

முதலில் நிறத்தை மறந்துவிடுங்கள். நம் பாட்டன்மார் தமிழ்நாட்டிலிருந்து வரும்போது செவலை, காரி, மயிலை, மறை என்று மாட்டுக்குப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அதெல்லாம் நிறத்தின் பெயர், இனத்தின் பெயர் அல்ல. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நிறம் மாறியதால் இனம் மாறியது என்று யாரும் சொல்வதில்லை.

நிறம் ஏமாற்றுவதற்குக் காரணம் உண்டு. மாட்டில் கருப்பு நிறம் செவலையை அடக்கும். உடம்பு முழுக்க ஒரே நிறமாயிருக்கும் குணம் வெள்ளைத் திட்டுக் குணத்தை அடக்கும். அதனால் பிரீசியனும் ஜேர்சியும் சேர்ந்தால் பெரும்பாலும் கருப்பாக, அல்லது கருங்கபிலமாக, வயிற்றுப் பக்கம் மட்டும் வெள்ளையோடு பிறக்கும். நாட்டு மாட்டுக்குப் பிரீசியன் ஊசி போட்டாலும் முதல் கன்று பல தடவை அப்படித்தான். பிரீசியனும் அயர்ஷயரும் சேர்ந்தால் கருப்பு வெள்ளை. அயர்ஷயர் பாதி இருப்பது வெளியே தெரியவே தெரியாது. இன்னொன்று: தாய், தகப்பன் இரண்டும் கருப்பு வெள்ளையாயிருந்தும் செவலை வெள்ளைக் கன்று பிறக்கலாம். இரண்டுக்குள்ளும் செவலைக் குணம் ஒளிந்திருந்தால் நாலில் ஒன்று அப்படி வரும். "ஊசியை மாற்றிப் போட்டுவிட்டான்" என்று ஊசிக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? முன்னால் நின்று முகத்தைப் பாருங்கள். ஜேர்சி இரத்தம் கூடியிருந்தால் முகம் கட்டையாக, இரு கண்ணுக்கும் நடுவில் கரண்டிபோலக் குழிந்திருக்கும். கண் பெரிதாகப் பிதுங்கி நிற்கும். மூக்கு கருப்பு, அதைச் சுற்றி மாவு பூசியதுபோல வெளிறிய வளையம். இந்த வளையம் முதல் கலப்பிலும் அநேகமாகத் தெரியும். நாம் பார்க்க வேண்டிய முதல் அடையாளம் இது என்பது எங்கள் எண்ணம். குளம்பு கருப்பு, எலும்பு மெலிசு. பிரீசியன் முகம் நீளம், நேராக இறங்கும். உடம்பு பெரிது, இடுப்பெலும்பு அகலம், வால் குஞ்சமும் முழங்காலுக்குக் கீழேயும் வெள்ளை. வெள்ளைத் திட்டின் ஓரம் வெட்டி ஒட்டியதுபோலத் தெளிவாயிருக்கும். அயர்ஷயர் திட்டோ ஓரம் கிழிந்த துணிமாதிரிப் பிசிறியிருக்கும், அதற்குள் சின்னப் புள்ளிகளும் தெளித்திருக்கும். கொம்பை விட்டு வளர்த்தால் வெளியே விரிந்து மேலே வளையும். இப்போது கன்றிலேயே கொம்பைச் சுட்டுவிடுகிறோம், ஆகவே அந்த அடையாளம் போய்விட்டது.

திமில் கொஞ்சமாவது மேடு தட்டினால், கழுத்துக்குக் கீழே அலைதாடி தொங்கினால், தோலைப் பிடித்து இழுக்கத் தளர்ந்து வந்தால், நாட்டு மாடோ சாஹிவாலோ கலந்திருக்கிறது. பள்ளப் பக்கத்துச் சூட்டுப் பிரதேசங்களிலிருந்து தரகர் ஏற்றி வரும் மாடுகளில் இதை அதிகம் பார்க்கலாம். அது கெட்ட மாடல்ல. உண்ணிக்கும் வெயிலுக்கும் தாங்கும், பால் குறைவு. அந்த விலைக்குத் தந்தால் வாங்கலாம்.

கண்ணால் பார்த்ததை அளவால் சரிபாருங்கள். தையல்கார அக்காமாரிடம் இருக்கும் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி சென்ரிமீற்றரில் அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு முனை வரையுள்ள நீளத்தால் திரும்பப் பெருக்கி, 10,840 ஆல் வகுத்தால் கிலோ கணக்கு கிட்டத்தட்ட வரும். அக்காவின் மாடு நெஞ்சுச் சுற்று 165, நீளம் 140. கிட்டத்தட்ட 350 கிலோ. வளர்ந்த ஜேர்சி 350 இலிருந்து 450 கிலோ வரை இருக்கும். நல்ல பிரீசியன் 550 கிலோவுக்கு மேல். ஒட்டிப்போன மாடு நிறை குறையும் என்பது சரி, ஆனால் தீனி குறைந்தால் முகம் குழியாது, மூக்கில் வெள்ளை வளையமும் வராது.

பாலும் சாட்சி சொல்லும். ஜேர்சிப் பாலில் கொழுப்பு சுமார் 5 சதவீதம், அயர்ஷயரில் 4 அளவில், பிரீசியனில் மூன்றரையிலிருந்து 4 வரை. பால் சேகரிக்கும் இடத்தில் கொழுப்பையும் மற்றத் திண்மப் பொருளையும் பார்த்துத்தான் காசு தருகிறார்கள். ஆகவே அந்தத் துண்டைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு நாள் துண்டை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும், கன்று போட்ட புதிதுக்கும் வற்றும் காலத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு மாதத் துண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். பிரீசியன் கூடிய மாட்டுக்காரரைப் பார்த்து "தண்ணீர் கலந்தாய்" என்று சந்தேகப்பட்ட சம்பவங்களும் எங்கள் காதுக்கு வந்திருக்கின்றன. மாட்டின் இனம் தெரிந்திருந்தால் நிமிர்ந்து நின்று பதில் சொல்லலாம்.

இவ்வளவும் பார்த்தாலும் "அநேகமாக" என்றுதான் சொல்ல முடியும். கென்யாவிலும் உகாண்டாவிலும் நம்மைப்போன்ற சிறு குடும்பங்களின் மாடுகளை மரபணுச் சோதனை செய்து பார்த்தபோது, வளர்ப்பவர்கள் சொன்ன இனக் கணக்குப் பல இடங்களில் பிழையாக இருந்தது. வளர்ப்பவருக்கே அப்படியென்றால், விற்க வந்தவர் "அசல்" என்று சத்தியம் செய்வதை எவ்வளவுக்கு நம்புவது?

"பால் கறந்தால் போதும், பெயர் எதற்கு?" என்று முன்வரிசையில் ஒரு அண்ணன் முணுமுணுப்பது கேட்கிறது. புல்லுக்கட்டு சுமப்பவரைக் கேளுங்கள் அண்ணே. ஒரு மாட்டுக்கு அதன் நிறையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் நாளுக்கு வேண்டும். 350 கிலோ மாட்டுக்கு 35 கிலோ. 550 கிலோ மாட்டுக்கு 55 கிலோ. அந்த 20 கிலோ வித்தியாசம் இன்னொரு கட்டு. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, மறுநடுகைக்காகக் குவாட்டமாலாப் புல் போட்டிருக்கும் மலைக்கு ஏறி, இருட்டுவதற்குள் அதைத் தலையில் இறக்குவது பெரும்பாலும் யார்? வீட்டுப் பெண்கள். ஆடி, ஆவணியில் நம் பக்கம் காற்று வீசிக் காயும்போது அந்த ஒரு கட்டும் கிடைக்காது. அப்போது பெரிய மாடு பாலையும் குறைத்து உடம்பையும் குறைத்து, அடுத்த சினையையும் பிடிக்காமல் நிற்கும். பட்டி அகலமும் புல் வசதியும் குறைந்த லயத்துக்கு ஜேர்சி கூடிய சின்ன மாடே பொருத்தம் என்பது எங்கள் அபிப்பிராயம். "இருபது லீட்டர் மாடு" என்ற ஆசை நமக்கும் உண்டு. புல்லை முதலில் எண்ணிவிட்டு ஆசைப்படுவோம்.

அதைவிட முக்கியம் கிடாரி. ஜேர்சிக் கன்று பிறக்கும்போது சுமார் 25 கிலோ, பிரீசியன் கன்று 40 கிலோ அளவில். ஜேர்சி கூடிய கிடாரிக்கு முதல் ஈத்தில் பிரீசியன் ஊசி போடுவது எவ்வளவு ஆபத்து என்று இந்த இரண்டு எண்ணும் சொல்கின்றன. முதல் ஈத்துக்கு ஜேர்சி ஊசியே கேளுங்கள். கிடாரி போதிய நிறைக்கு வராவிட்டால் ஒரு பருவம், இரண்டு பருவம் விட்டுவிடுங்கள். ஈன்று தேறிய பிறகு வேறு இனம் வேண்டுமானால் மிருக வைத்தியரோடு பேசி முடிவெடுக்கலாம்.

ஊசி போடும்போது தள்ளி நிற்காதீர்கள். அந்த ஸ்ட்ரோவின் மேலேயே காளையின் இலக்கமும் இனமும் அச்சிட்டிருக்கும். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கோபப்படமாட்டார்கள், நல்ல ஊசிக்காரருக்கு அது சந்தோஷம். காலி ஸ்ட்ரோவை வாங்கி வையுங்கள், அல்லது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கொண்டு எழுதி வையுங்கள். தாய் எது, ஊசி எது என்று மூன்று தலைமுறைக்கு எழுதியிருந்தால் முகத்தையும் மூக்கையும் பார்த்து ஊகிக்கிற வேலையே இல்லை. நாட்டு மாட்டுக்கு ஒரே இன ஊசியைத் தொடர்ந்து போட்டால் முதல் தலைமுறை பாதி, இரண்டாவது முக்கால், மூன்றாவது எட்டில் ஏழு பங்கு. கணக்கு அவ்வளவுதான். விற்கும்போது அந்தக் கொப்பியைக் காட்டி விலை பேசலாம், தரகர் வாய்க்கு வேலை குறையும்.

எமது காரியாலயத்தில் கொப்பிகள் வாங்கி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒன்று. தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மாட்டின் பெயர் அல்லது காதுத் தகட்டு இலக்கம், நெஞ்சுச் சுற்று, மூக்கு வளையம் உண்டா இல்லையா, கடைசியாகப் போட்ட ஊசியின் இலக்கம், கன்று போட்ட திகதி. இவ்வளவுதான் எழுத வேண்டும். டேப் இல்லாத டிவிசன்காரர் கூட்டம் முடிந்ததும் மேசைப் பக்கம் வாருங்கள். அக்காவின் கிடாரி எழும்பிவிட்டது, திரும்பவும் பருவத்துக்கு வந்து, போன மாதம் ஜேர்சி ஊசி போட்டாயிற்று. இலக்கத்தை அவரே கொண்டு வந்திருக்கிறார். முதல் கொப்பியின் முதல் வரியில் அதைத்தான் இப்போது எழுதப் போகிறோம்.