சிறு படகும் பெருங்கலமும்

அருவியறிந்த வடகரைக்குக் கடல் தொலைவுதான். மரக்கலமோ தமிழுக்கு அயலன்று.

அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், ‘ஸ்வாப்’ என்னும் 32 அடிப் பாய்மரப் படகில் 1928 முதல் 1931 வரை உலகை வலம் வந்தார். கனவெனக் கருதி அவர் சூட்டிய வடமொழிப் பெயர் அது. 1934இல் காலாபகஸ் தீவுகளில் குடல்வால் நோயால் வீழ்ந்தார். உயிர் மீண்டது, படகு பறிபோயிற்று.

அதன்பின் அவர் நாடியது பெருங்கலம். அதனை அளித்தது ஈழத்து வல்வெட்டித்துறை. வேப்பமரத்தால் இயன்ற 89 அடி ‘அன்னபூரணி’. படியளக்கும் தாயின் பெயரை நீக்கித் தம் மனைவி பெயரைச் சூட்டினாரே, அது நெஞ்சை உறுத்தவே செய்கிறது. எனினும் வல்வைத் தமிழரே பாய் வலித்து, 1938 ஆகஸ்டில் அதனை அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் சேர்த்தனர்.

பெரிது வாய்த்தபின் மனம் அடங்கிற்றா? 1942இல் அவர் தமக்கெனக் கட்டி மிதக்கவிட்ட கலம் 32 அடியுமன்று, 89 அடியுமன்று, 70 அடி.