வேட்டைக்காரன் வாங்கும் சன்னம்

வட அமெரிக்காவின் ரொக்கி மலைக்காடுகளில் வாழும் எல்க், நம் நாட்டு மரையினும் பெரிய மான். வளர்ந்த கலை 300 கிலோகிராமுக்கும் மேல் நிறையுடையது. அதனை வேட்டையாடச் செல்வோன் கடையிலே இருவகைத் தோட்டாக்களைக் காண்கிறான். மலிவான தோட்டாவின் சன்னம் ஈயத்தின்மேற் செம்புறை போர்த்தது. விலை மிகுந்ததிலோ ஈயமும் உறையும் பிரியாவண்ணம் பிணைக்கப்பட்டிருக்கும். அல்லது சன்னம் முழுவதுமே செம்பாயிருக்கும்.

விலா வழியே நெஞ்சிற் பாயுமிடத்து இரண்டுமே போதியவை. தடித்த தோளெலும்பு குறுக்கிடும்போதே வேற்றுமை புலனாகும். சாதாரணச் சன்னம் சிதைந்து இடையிலே நின்றுவிடக்கூடும். காயமுற்ற மான் காட்டினுள் ஓடி, நெடுநேரம் துன்புற்று மடியும். 1946 இல் கனடாவில் ஜோன் நொஸ்லர் என்பவர் சுட்ட சன்னங்கள் ஆழப் பாயாமையால் மூஸ் என்னும் பெருமான் வீழவில்லை. அந்த அனுபவமே நடுவில் தடுப்புடைய சன்னத்தை அவர் ஆக்குவதற்குக் காரணமாயிற்று. 1948 இல் அது விற்பனைக்கு வந்தது.

எனினும், உயர்ந்த சன்னம் குறி தவறுவோனைக் காவாது. மலிவானதைக் கொண்டு பழகலாம்; ஆயின் இருவகையும் பெரும்பாலும் ஒரே இடத்திற் படுவதில்லை. ஆதலால் வேட்டைக்குரியதையும் முன்னரே சுட்டுப் பார்த்தல் வேண்டும். மனிதன் மிச்சம் பிடிக்கும் சில டொலருக்கு மான் தன் வேதனையால் விலை கொடுத்தல் அறமாகாது.