கேள்வித்தாளில் இல்லாத கேள்வி



ஆம்பூர் பக்கத்துக் காலனி ஒன்றில் பிறந்தவன் நான். அப்பா டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தோலிலிருந்து முடி கழல சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போடுவார்கள். குளித்தாலும் அந்த நாற்றம் போகாது. அதை மறக்கத்தான் குடிக்கிறேன் என்பார். அதை நான் முழுசாக நம்பியதில்லை. வீட்டில் உட்கார்ந்து ஷூ அப்பர் தைத்த அம்மாவும் அதே நாற்றத்தில்தான் இருந்தார், அவர் குடிக்கவில்லையே.

மருத்துவச் சமூகவியல் படித்துவிட்டு, போதைப் பழக்கம் பற்றிய கணக்கெடுப்புக்காக அதே தெருவுக்குப் போனேன். என்ன குடிக்கிறீர்கள், எந்த வயதில் தொடங்கினீர்கள், என்ன சாதி, எல்லாம் கேள்வித்தாளில் இருந்தன. வேலை பற்றி ஒரு வரிகூட இல்லை. ஷூ கம்பெனிக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார்: "நாள் பூரா சொல்யூஷன் பூசுறேனே தம்பி, அத எந்தக் கட்டத்துல போடுவ?"

அந்தப் பசைகள் பலவற்றில் இருப்பது டொலுயீன். பையன்கள் துணியில் நனைத்து இழுப்பதும் அதைத்தான். 2019இல் வெளியான எய்ம்ஸின் தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இப்படி முகர்வதுதான்: 10 முதல் 17 வயதுக்குள் 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. கூலிக்காக அதே காற்றை இழுப்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

லீ ராபின்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரை எனக்குப் பிடிக்கும். 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களைத் தேடிப் பேட்டி எடுத்தார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். ஊர் திரும்பிய முதல் ஆண்டில், அப்படி அடிமையானவர்களில் மீண்டும் அடிமையானது சுமார் 5 சதவீதம்தான். ஒருமுறை தொட்டால் விடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் பலர் இதை நம்பவில்லை. ஆள் மாறவில்லை, இடம் மாறியது. அப்படித்தான் நான் இதைப் படிக்கிறேன்.

நம் ஆட்களுக்குத் திரும்பிப் போக வேறு ஊர் ஏது? காலனிதான் வீடு, அதை ஒட்டித்தான் டேனரி. மறுவாழ்வு மையத்தில் சில வாரம் வைத்திருந்து அதே தொட்டிக்கு அனுப்புகிறோம். மறுபடி குடித்தால் "இவங்க சாதியே அப்படித்தான்" என்கிறார்கள். அந்தத் தொட்டியில் தலைமுறையாக யாரை இறக்கினார்கள் என்று மட்டும் கேட்பதில்லை.

வேலை பற்றிய கேள்விகளை எழுதி ஒரு தாளைச் சேர்த்தேன். இது மருத்துவம் இல்லை, எடுத்துவிடு என்றார்கள். எடுக்கவில்லை. அடுத்த மாதம் அந்தத் தாளோடு பேரணாம்பட்டுக்குப் போகிறேன். கூட வர நாலு பேர் வேண்டும்.