இரு பள்ளிகளில் பயின்ற சிறுமி



பிழைப்பை நாடி வேற்றூர் செல்வோருக்கு முதலில் எழும் கவலை உணவும் உறையுளும் பற்றியது. அவை ஒருவாறு அமைந்தபின், குழந்தைகளின் கல்வி பற்றிய கவலை எழுகிறது. தமிழகத்துக்கு வெளியே வாழும் நம் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். கரிபியன் தீவுகளிலிருந்து அமெரிக்கா சென்ற ஒரு குடும்பம் இக்கவலையை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இன்று காண்போம்.

பார்படோஸ் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த ஒரு சிறு தீவு. அங்கே நிலம் சிலர் கையில் இருந்தது, கூலியோ குறைவு. ஆகவே அத்தீவினர் பல்லாயிரவர் பனாமாக் கால்வாய் வெட்டும் பணிக்குச் சென்றனர்; வேறு பலர் நியூயார்க்குக்குக் கப்பலேறினர். 1920-களின் தொடக்கத்தில் அந்நகரின் புரூக்ளின் பகுதியை அடைந்தவர்களுள் பார்படோஸைச் சேர்ந்த ஒரு தையற்காரப் பெண்ணும், பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த ஒரு தொழிலாளியும் இருந்தனர். அவ்விருவரும் மணந்துகொண்டனர். 1924-ஆம் ஆண்டில் அவர்களுக்குப் பிறந்த மூத்த மகளே, பின்னாளில் உலகறிந்த ஷெர்லி சிஷோம்.

தந்தை ஆலையில் உழைத்தார். தாய் வீட்டிலிருந்தபடியே துணி தைத்தார். இருவர் வருவாயும் குடும்பச் செலவுக்கே போதவில்லை. குழந்தைகளின் படிப்புக்கும் ஒரு சொந்த வீட்டுக்கும் பொருள் சேர்ப்பது எவ்வாறு? நெடிது எண்ணி அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தனர். மூன்று பெண் குழந்தைகளையும் பார்படோஸிலிருந்த பாட்டியிடம் விட்டுவரத் துணிந்தனர். பேரக்குழந்தைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் பெற்றோரின் மனத்தை நம்மில் பலர் அறிவோம்.

ஷெர்லி அங்கே கோழிகளுக்குத் தீனியிட்டார், தண்ணீர் சுமந்தார். பள்ளியில் ஒரே கூடத்தில் பல வகுப்புகள் நடைபெற்றன. பிரிட்டிஷ் முறையில் அமைந்த அப்பள்ளியில் கண்டிப்பு மிகுதி, பிரம்புக்கும் பஞ்சமில்லை. ஆயினும் ஐந்து வயது நிரம்புமுன்பே அவர் எழுதவும் படிக்கவும் கற்றார். தாம் எளிதாகப் பேசவும் எழுதவும் வல்லவரானதற்கு அவ்விளமைக் கல்வியே முதற்காரணம் என்று 1970-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் அவர் நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார்.

1934-இல் குழந்தைகள் புரூக்ளினுக்குத் திரும்பினர். அங்கே ஷெர்லிக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. படிப்பில் முந்தி நின்ற அவர், தம்மினும் இளைய பிள்ளைகளோடு கீழ்வகுப்பில் அமர்த்தப்பட்டார். அமெரிக்க வரலாறும் பூகோளமும் அவருக்குத் தெரியவில்லை என்பதே காரணம். பிரிட்டிஷ் மன்னருக்கு வாழ்த்துப் பாடி வளர்ந்த குழந்தைக்கு அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களின் வரிசை எவ்வாறு தெரியும்? சலிப்புற்ற சிறுமி வகுப்பில் குறும்பு செய்யத் தொடங்கினார். நல்வாய்ப்பாக, அதன் காரணத்தை ஓர் ஆசிரியர் உணர்ந்துகொண்டார். தெரியாத பாடங்களைத் தனியே கற்பிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. ஷெர்லி விரைவில் தமக்குரிய வகுப்பை எட்டினார்.

இந்நிகழ்ச்சி சிறிதாயினும் அதன் கருத்துப் பெரிது. ஒன்றைக் கற்பிக்கப் பெறாதவர் வேறு, கற்க இயலாதவர் வேறு. இவ்வேறுபாட்டைக் காணாத பள்ளி, அறிவுள்ள குழந்தையையும் மந்தமான குழந்தை என்று எண்ணிவிடும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் வெளியூர்க் கல்லூரிகள் அவருக்கு உபகாரச் சம்பளம் அளிக்க முன்வந்தன. ஆனால் விடுதிச் செலவுக்குக் குடும்பத்தில் வழியில்லை. அக்காலத்தில் கட்டணமின்றிக் கல்வியளித்த புரூக்ளின் கல்லூரியே அவருக்குக் கைகொடுத்தது. 1946-இல் பட்டம் பெற்றும் வேலை எளிதில் கிட்டவில்லை. இறுதியில் ஹார்லெம் பகுதியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பணியேற்றார். பகலில் உழைத்து, இரவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று, குழந்தைக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1964-இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அவர் பாடுபட்ட செயல்களுள் தலையாயது 'சீக்' எனப்படும் கல்வித் திட்டம். தக்க பள்ளிப் பயிற்சி பெறாத ஏழை மாணவரையும் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் சேர்த்து, குறையுள்ள பாடங்களில் தனிப் பயிற்சியும் பொருளுதவியும் அளிப்பது அதன் நோக்கம். 1966-இல் அதற்குச் சட்ட ஆதரவு கிடைத்தது. அத்திட்டம் இன்றும் நடைபெறுகிறது. பத்து வயதில் தமக்குக் கிடைத்த துணையைப் பிறருக்கும் உரிமையாக்கினார் என்றே இதனை நாம் கொள்ளலாம்.

1968-இல் அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வுபெற்ற முதற் கறுப்பினப் பெண்மணி என்னும் சிறப்பும் அவரை அடைந்தது. 1972-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நிற்க முயன்றார், வெற்றி கிட்டவில்லை. 2005-ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் காலமானார்.

நேயர்களே, ஊர் மாறிவரும் குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. பாட்டி சொன்ன கதையும், பிறந்த மண்ணின் பள்ளி தந்த எழுத்தும் அதனுடன் வருகின்றன. புதிய ஊரின் மொழியையும் வரலாற்றையும் அக்குழந்தை கற்கத்தான் வேண்டும். கற்கும்வரை பொறுத்திருந்து துணைநிற்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமை. முன்னர்க் கற்றது பயனற்றது என்று அக்குழந்தை நாணாதவாறு காப்பதும் அக்கடமையைச் சேர்ந்ததே. அயலூரில் வாழும் நாம் இதனை மறவாதிருப்போமாக.