கூடம் யாருக்குச் சொந்தம்?

‘பொழுதுபோக்கு குடும்பத்துக்கு வரமா, பாரமா?’ பாரமே என்று பேச சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி, “பொழுதுபோக்கு இல்லாதவன் பாதி மனுஷன்” என்றார். எங்க வீட்ல முழு மனுஷன் ஒருத்தர் இருக்கார் தம்பி. அதனாலதான் மத்த மூணு பேரும் பாதிப் பாதியா ஒடுங்கிக் கிடக்கோம். (சிரிப்பு)

கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொன்னார்கள். மறுக்கவே முடியாத பெயர். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். புத்தகம், பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை வரைக்கும் சேர்த்துச் சேர்த்து வைத்தார். ஏறக்குறைய ஒரு லட்சம்! 1992-இல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் வந்தது. கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனா தம்பி, அது பொது நூலகமானது வீட்டை விட்டுப் போன பிறகு. அதுக்கு முன்னால, அத்தனை வருஷமும் ஒரு வீட்டுக்குள்ள ஒரு லட்சம் உருப்படி! அந்த வீட்டுக்காரங்க எங்கே நடந்தாங்க, எங்கே பாய் விரிச்சாங்க? நாம யாராவது கேட்டோமா?

புதுக்கோட்டை ஞானாலயாவையும் சொல்வீர்கள். அது கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்ற தம்பதி சேர்ந்து உண்டாக்கிய நூலகம். கவனியுங்க, தம்பதி! ரெண்டு பேர் ஆசையும் ஒண்ணு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஆசைப்பட்டா அதுக்குப் பேர் பொழுதுபோக்கு இல்ல, குடித்தனம். (கைதட்டல்)

எங்க வீட்டுக் கதை வேற. என் வீட்டுக்காரருக்கு நெய்வேலிச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை. பழைய வால்வு ரேடியோ என்றால் உயிர். மர்பி, புஷ், பிலிப்ஸ். முதல்ல ஒண்ணே ஒண்ணு வந்து அலமாரியில உட்கார்ந்தது. அழகாத்தான் இருந்தது. அப்புறம் அதுக்கு உதிரி பாகம் வேணும்னு செத்துப்போன ரேடியோ நாலு வந்து திண்ணையில படுத்துது. ஐப்பசி மழை பிடிச்சுதா? வெள்ளாத்துல தண்ணி வந்துச்சோ இல்லையோ, திண்ணை ரேடியோ எல்லாம் கூடத்துக்குள்ள வந்துடுச்சு. மழை நின்னு ரெண்டு பொங்கல் ஆச்சு. இன்னும் திரும்பிப் போகல!

எங்க கூடம் பத்துக்குப் பன்னிரண்டு. அதுலதான் மாமியார் படுக்கணும், வர்ற விருந்தாளி உட்காரணும், பொண்ணு ப்ளஸ் டூ படிக்கணும். இப்ப அது அடுப்படியில உட்கார்ந்து, குக்கர் விசிலை எண்ணிக்கிட்டே கணக்குப் போடுது. மாமியாருக்கு எழுபத்தெட்டு வயசு. ராத்திரி எழுந்தா கால்ல ஒயர் தட்டுது. “பார்த்து ஓரமா நடம்மா”ங்கிறார் பெத்த பிள்ளை. இதை நான் சிரிக்கிறதுக்காகச் சொல்லல ஐயா. அந்த வயசுல இடுப்பெலும்பு முறிஞ்சா எழுந்திருக்கிறது எவ்வளவு கஷ்டம்!

எனக்கும் பொழுதுபோக்கு உண்டு. மார்கழி முழுக்க நாலரை மணிக்கு எழுந்து இருபத்தோரு புள்ளி வைத்துக் கோலம் போடுவேன். எட்டு மணிக்குள்ள பால்காரர் சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளைங்க காலும் அதை அழிச்சிடும். தையல் மிஷின் இருக்கு. விருந்தாளி வர்றாங்கன்னா துணியெல்லாம் பெட்டிக்குள்ள போயிடணும். பொம்பளை பொழுதுபோக்கைச் சுருட்டி வைக்கணும், ஆம்பளை பொழுதுபோக்கைச் சுத்திப் போகணும். இது எந்த ஊர் நியாயம் ஐயா? (கைதட்டல்)

ரேடியோவைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு அலுத்து வர்றவர், அந்தப் பெட்டி கரகரன்னு உயிர் பிடிச்சுப் பாடும்போது சின்னப் பிள்ளையாட்டம் சிரிப்பார். அது எனக்குத் தெரியாதா? ஒரு சுவரை அவரே எடுத்துக்கட்டும், தரையிலிருந்து உத்தரம் வரைக்கும் பலகை அடிச்சுக்கட்டும். தரையை எங்களுக்கு விடட்டும். அடுத்த ரேடியோ படியேறும் முன்னால் வீட்டில் இருக்கிற மூணு பேரையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

பொண்ணுக்கு மார்ச்சில் பரீட்சை. அதற்குள் நல்ல தீர்ப்பாகச் சொல்லுங்கள் ஐயா.