சுக்கான் கனத்தால்



மோட்டார் வண்டியின் சுக்கான் கனத்துவிட்டால், "பம்பு பழுதாகிவிட்டது" என்பதே பலருடைய முதல் எண்ணம். பெருந்தொகை கொடுத்துப் பம்பை மாற்றிய பின்பும் கனம் நீங்காத வண்டிகள் உண்டு. கனம் ஒரு நோய்க்குறி மாத்திரமே. காய்ச்சல் காலையில் வருகிறதா, மாலையில் வருகிறதா என்று வைத்தியர் வினாவுவதுபோல, சுக்கான் எப்பொழுது கனக்கிறது என்பதையே நாமும் முதலில் அறிதல் வேண்டும்.

விற்பனைக்கு வந்த கார்களிலே வலுவூட்டிய சுக்கான் 1951 ஆம் ஆண்டில் கிறைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் வண்டியோடு அறிமுகமாயிற்று. எஞ்சினாற் சுழலும் பம்பொன்று எண்ணெயை அழுத்தி நமது கைக்குத் துணைசெய்யும் முறை அது. 1988 இல் சுசுக்கியின் சேர்வோ என்னும் சிறு காரிலே அவ்வேலையை மின்மோட்டார் ஏற்றது. இன்றைய புதிய கார்களிற் பெரும்பாலானவை மின்வகையைச் சேர்ந்தவை. முழு மின்வகையில் எண்ணெய்க் கிண்ணமே இராது.

எவ்வகையாயினும், முன் டயர்களின் காற்றை, அவை குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். காற்றுக் குறைந்த டயர் நிலத்தை அகலமாகப் பற்றிக்கொள்ளும். கையோ சுக்கானைக் குறை கூறும். இதற்குச் செலவு அநேகமாக ஒன்றுமில்லை. அதனாலேதானோ என்னவோ, இதைச் சொல்வாரும் குறைவு.

இனி எண்ணெய்வகை. நின்ற இடத்திற் கனத்து, எஞ்சினைச் சற்று வேகப்படுத்தியதும் இலகுவாகுமாயின், பட்டி தளர்ந்திருக்கலாம், அல்லது பம்பு தேய்ந்திருக்கலாம். மழையில் நனைந்த பின் மாத்திரம் கனத்துக் கீச்சிடுமாயின், ஐயம் பட்டியின்மேலேயே விழ வேண்டும். காலையிற் கனத்து, சில மைல் ஓடியதும் தளருமாயின், உள்ளே உள்ள இறப்பர் அடைப்புக்கள் தேய்ந்திருக்கக்கூடும். திருப்பும்போது முனகலும், கிண்ணத்து எண்ணெயில் நுரையும் காணப்பட்டால், எண்ணெய் குறைந்து காற்றுப் புகுந்திருக்கிறது. எண்ணெய் தானாகக் குறைவதில்லை, எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும். ஊற்றும் எண்ணெயும் வண்டியின் கைந்நூல் கூறும் வகையாகவே இருத்தல் வேண்டும். பிறேக் எண்ணெயை ஊற்றினால் அடைப்புக்கள் ஊதிக் கெடும்.

மிகவும் கவனிக்க வேண்டியது வேறொன்று. வளைவிலே திருப்பிய சுக்கான் தானாக நடுநிலைக்குத் திரும்பாமல் நின்றுவிடுகிறதா? ஓரிடத்தில் இறுகி, மற்றோரிடத்தில் விடுகிறதா? அப்படியாயின் பம்பை விட்டுவிட்டு மூட்டுக்களைப் பாருங்கள். வண்டியின் முன்புறத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி, எஞ்சின் ஓடாத நிலையிற் சுக்கானைத் திருப்பச் சொல்லுங்கள். சில்லுகள் நிலத்தைத் தொடாதபோதும் இறுக்கம் விட்டு விட்டு வருமாயின், சுக்கான் தண்டின் இணைப்பு மூட்டோ, சில்லைத் தாங்கும் குண்டு மூட்டோ துருப்பிடித்து இறுகியிருக்கக்கூடும். இத்தகைய வண்டியைச் சீர்செய்யும்வரை தெருவில் ஓட்டலாகாது.

மின்வகையில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பற்றரி தளர்ந்தாலும், அதன் முனைகளிற் பூப்பிடித்தாலும் துணைவலு குன்றும். ஒடுங்கிய இடத்திலே பலமுறை முன்னும் பின்னும் திருப்பினால், மோட்டார் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் துணையைக் குறைப்பதும் உண்டு. சற்று ஆறவிட்டால் அது சீராகும், பழுது அன்று.

ஓடும்போது துணைவலு திடீரென அற்றுப்போனாலும் சுக்கான் செயலற்றுப்போவதில்லை. கூடிய பலங்கொண்டு இரு கைகளாலும் திருப்பலாம். வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள். வண்டி நிற்கும்வரை சாவியைக் கழற்ற வேண்டாம். கழற்றினாற் சுக்கான் பூட்டிக்கொள்ளக்கூடும்.