ஒவ்வொன்றாகப் புதுப்பிப்போம்
(ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



பள்ளிக் கட்டடத்தில் பழுது பார்க்கும்போது எல்லா வகுப்பறைகளையும் ஒரே நாளில் பூட்டிவிடுவதில்லை. ஓர் அறையைக் காலி செய்து, வேலை முடிந்ததும் அடுத்த அறைக்குப் போகிறோம். பாடம் தடைபடுவதில்லை. பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் தரவுத்தளத்தின் மென்பொருளையும் இப்படித்தான் புதுப்பிக்கிறார்கள்.

கசாண்ட்ராவை எடுத்துக்கொள்வோம். ஃபேஸ்புக் நிறுவனத்தில் உருவாகி, 2008இல் திறந்த மூல மென்பொருளாக வெளியானது. இதில் ஒவ்வொரு தகவலுக்கும் பொதுவாக 3 படிகள் வெவ்வேறு சர்வர்களில் இருக்கும். பெரும்பான்மை, அதாவது 2 சர்வர்கள் பதில் சொன்னால் போதும் என அமைத்திருந்தால், ஒன்றை நிறுத்தினாலும் சேவை தொடரும். 2 படிகள் மட்டுமே இருந்தால்? இரண்டில் பெரும்பான்மையும் 2தான். ஒன்றைக்கூட நிறுத்த முடியாது. திட்டமிடலின் முதல் படி இந்தக் கணக்குதான்.

அடுத்து, பதிப்பு வரிசை. 3ஆம் பதிப்பிலிருந்து நேரடியாக 5க்குத் தாவ முடியாது. 4ஐக் கடந்தே செல்ல வேண்டும். முதலில் சோதனைச் சர்வர்களில் செய்து பார்க்க வேண்டும். எல்லாச் சர்வர்களும் நலமாக உள்ளனவா என உறுதி செய்து, தரவுக்குக் காப்புப் பிரதி எடுக்க வேண்டும்.

பிறகு ஒரு சர்வரின் நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதச் செய்து, அதை நிறுத்தி, புதிய பதிப்பை நிறுவி, மீண்டும் இயக்க வேண்டும். அது இல்லாத நேரத்தில் வரும் பதிவுகளை மற்ற சர்வர்கள் அதற்காகக் குறித்து வைக்கும். இயல்பான அமைப்பில் இது 3 மணி நேரத்துக்கு மட்டுமே. தாமதமானால் விடுபட்டதைத் தனியே சரிசெய்ய வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. "முதலாவது நன்றாக முடிந்தது, மீதி இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாம்" என்று தோன்றும். அப்படிச் செய்தால் பெரும்பான்மை போய்விடும், சேவை நின்றுவிடும். இன்னொன்று: புதிய பதிப்பு எழுதிய கோப்புகளைப் பழைய பதிப்பால் படிக்க இயலாமல் போகலாம். ஆகவே முதல் சர்வரைச் சற்றுப் பொறுத்துக் கவனியுங்கள். அதில் பிழை தெரிந்தாலும் மற்ற இரண்டிலும் தரவு பத்திரமாக இருக்கும். எந்த நிலையில் பணியை நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரண்டு பதிப்புகளும் கலந்திருக்கும் காலத்தில் அட்டவணை அமைப்பை மாற்றக் கூடாது; புதிய சர்வரையும் சேர்க்கக் கூடாது.

இதை வகுப்பில் விளையாட்டாகவே நடத்தலாம். மூன்று மாணவர்களிடம் ஒரே மதிப்பெண் பட்டியலைக் கொடுங்கள். ஒருவரை வெளியே அனுப்பிவிட்டுப் புதிய மதிப்பெண் ஒன்றைச் சொல்லுங்கள். திரும்பி வந்தவருக்கு மற்றவர்கள் அதை எழுதச் சொல்லட்டும். பின்பு இருவரை வெளியே அனுப்பிப் பாருங்கள். என்ன சிக்கல் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.